நான் திருத்தாமல் விட்ட சொல்

அவளும் நானும் ஒரே வருடம் இறையியல் கல்லூரியில் சேர்ந்தோம். வகுப்பில் பெண்கள் நான்கு பேர். அதில் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து போனவர்கள் நாங்கள் இருவர்தான். என் அப்பா கள்ளக்குறிச்சியில் தமிழ் வாத்தியார். எங்கள் வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. அவள் மணலூர்பேட்டைக்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அவள் வீட்டில் இருந்தவை வேதாகமம், பாட்டுப் புத்தகம், ஜெபப் புத்தகம், அவ்வளவுதான். விடுதியில் முதல் நாள் அவளுடைய பெட்டியைப் பார்த்ததும், இவளுக்கு நாம் நிறைய உதவி செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இதமாக இருந்தது. ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

எங்களுக்குக் கிறிஸ்தவக் கோட்பாடு நடத்திய பேராசிரியர் நிறையப் படித்தவர். மென்மையாகப் பேசுவார். இயேசுவின் உயிர்த்தெழுதல் என்பது சீடர்களின் உள்ளத்தில் பிறந்த நம்பிக்கை என்றார். பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவம் கிரேக்கர்கள் கட்டிய சட்டகம், நம் மண்ணுக்கு அது அவ்வளவு அவசியமில்லை என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டோம். நான் அதையே நல்ல தமிழில் எழுதிக் கொடுத்து முதல் மதிப்பெண் வாங்கினேன். அவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

“ஐயா, அப்போ அந்தக் கல்லறையில இன்னா இருந்துச்சு?”

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். “கல்லறையில் என்ன இருந்தது என்பதல்லம்மா கேள்வி. அந்த அனுபவம் நமக்கு என்ன சொல்கிறது என்பதுதான்.”

“இல்லீங்க ஐயா. எனக்கு அதுதான் கேள்வி.”

அவளுக்கு அந்தப் பாடத்தில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. நான் ஆறுதல் சொன்னேன். ஆனால் மூன்றாம் வருடம் இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு ஒரு இடம் வந்தபோது, அதே பேராசிரியர் அவள் பெயரைத்தான் அனுப்பினார். “என்னை எதிர்த்துப் பேசத் தெரிந்தவள் ஒருத்திதான்” என்று மற்ற ஆசிரியர்களிடம் சொன்னாராம். நான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்து வைத்திருந்தேன்.

அவள் அங்கே நான்காம் நூற்றாண்டுச் சண்டையைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். அந்தக் காலத்தில் சபை இரண்டுபட்டுக் கிடந்தது. குமாரனாகிய கிறிஸ்து பிதாவைப் போன்ற தன்மை உடையவர் என்றார்கள் ஒரு பக்கத்தார். போன்ற இல்லை, பிதாவின் தன்மையும் குமாரனின் தன்மையும் ஒன்றேதான் என்றார்கள் மறுபக்கத்தார். கிரேக்கத்தில் இந்த இரண்டு சொல்லுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்துக்காகப் பேராயர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். கடைசியில் ‘ஒரே தன்மை’ என்பதுதான், இன்னதை நம்புகிறோம் என்று சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் நின்றது. ஆங்கிலிக்கன் வழியில் வந்த எங்கள் சபைகளில் ஞாயிறுதோறும் அதைச் சொல்கிறோம். பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறோம். அவள் சொல்லும்போது கண் மூடியிருக்கும். சாட்சிக்கூண்டில் நிற்கிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள்.

திரும்பி வந்து ஆயராகி, அதே கல்லூரியில் ஆசிரியை ஆனாள். ஆங்கிலத்தில் இரண்டு புத்தகம் எழுதினாள். பீடத்தில் பெண் நிற்பதே தப்பு என்ற பழமைவாதிகளுக்கு அவளைப் பிடிக்கவில்லை. பிரமாணத்தில் ஒரு வரியைக்கூட விட்டுத் தர மாட்டேன் என்றதால் முற்போக்காளர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் அவளைத்தான் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். நான் இதற்குள் ஆயராகி, கிராமம் கிராமமாகக் கல்யாணமும் அடக்கமும் நடத்தி, கடைசியில் கள்ளக்குறிச்சி சபைக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் தலைமை ஆயராக வந்திருந்தேன். கைப்பேசியில் அவள் பேச்சுகளைத் தேடிப் பார்ப்பேன். பார்த்தவர்கள் எண்ணிக்கை கம்மியாக இருந்தால் அன்றைக்குச் சோறு ருசிக்கும்.

பிறகு அந்தப் பிரமாண விவகாரம் வந்தது. ஆராதனை நீளமாக இருக்கிறது, இளைஞர்கள் வருவதில்லை என்று ஒரு குழு போட்டு, பிரமாணத்தை நாலே வரியாகச் சுருக்கினார்கள். அந்த நாலு வரியில் ‘ஒரே தன்மை’ இல்லை. மரித்தோரின் உயிர்த்தெழுதலும் இல்லை. அவள் அதை எதிர்த்துக் கட்டுரை எழுதினாள், கூட்டத்தில் எழுந்து பேசினாள். சுருக்கம் நின்றுபோனது. அடுத்த மாற்றல் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே வெள்ளிமலை என்றிருந்தது. மலைச் சபைக்கு ஆள் தேவை என்றார்கள். அது உண்மையும்தான்.

பட்டியலைப் படித்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். வேறு பெயர் சொல்லி அதை மறைக்க முடியாது. வெள்ளிமலை என் வட்டாரம். இனி அவள் விடுப்பு எடுப்பதென்றால் என்னிடம் கேட்க வேண்டும்.

அவள் மலைப்பேருந்தில் ஏறி, கரியாலூர் தாண்டி, தகரக்கூரை போட்ட அந்த ஆயர் வீட்டில் போய் இறங்கினாள். வாடிப்போவாள் என்று எதிர்பார்த்தேன். ஆறு மாதத்தில் என் சபைக் குடும்பங்கள் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்து மேலே போக ஆரம்பித்தன. என்னுடைய சபைப் பொருளாளரே ஒருநாள் கேட்டார்.

“வெள்ளிமலை அம்மா சொல்ற மாதிரி பிரமாணத்த வரி வரியா நீங்களும் ஒரு தபா சொல்லுங்களேம்மா. எங்களுக்கும் புரியும்ல.”

“சொல்லலாங்க” என்றேன். சொல்லவில்லை.

அந்தப் புளி சீசனில் கரியாலூருக்குப் பக்கத்தில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இறந்தார். புளி உலுக்க ஏறியவர். இடுப்பு உடைந்து, கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அடக்கத்தன்று நான் வட்டார வேலையாக மலையில் இருந்தேன். தலைமை ஆயர் வந்திருக்கும்போது அவர்தான் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று அவள் என்னை முன்னே விட்டாள். நான் நன்றாகப் பேசுகிறவள். அன்றும் நன்றாகத்தான் பேசினேன். “அவர் எங்கேயும் போகவில்லை. உங்கள் நினைவில் என்றைக்கும் வாழ்வார்” என்று முடித்தபோது இரண்டு மூன்று பேர் அழுதார்கள்.

இறந்தவரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நெனப்புலதான் இருப்பாருங்களா?”

“ஆமாம்மா.”

“எனக்கு மறதி ஜாஸ்திங்க அம்மா. அடுப்புல வெச்சதயே மறந்துடுறேன். என் தலைய நம்பி அவர விட்டா எத்தினி நாளுக்கு இருப்பாரு?”

நான் அங்கியின் கையைச் சரிசெய்துகொண்டேன். என் பக்கத்தில் நின்றிருந்தவள் நகர்ந்து போய், வெள்ளை அங்கியோடு அந்த மண்ணில் அந்தப் பெண்ணுக்கு நேரே உட்கார்ந்தாள்.

“உன் தலைய நம்பி இல்லம்மா. ஆண்டவரு கையில இருக்காரு. நீ மறந்தாலும் அவரு மறக்க மாட்டாரு. எழுப்புவாரு.”

“இன்னாத்த எழுப்புவாரு?”

“இதே ஆள. இதே ஒடம்ப.”

“இடுப்பு ஒடஞ்சிருக்கே.”

“புதுசாக்கி எழுப்புவாரு.”

“அப்ப மரம் ஏறுவாரா?” என்று கேட்டாள் அந்தப் பெண். “அது எனக்குத் தெரியலம்மா. ஆனா உன்ன அவருக்கு அடையாளம் தெரியும்” என்றாள் இவள். அந்தப் பெண் எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு, புருஷனைத் தூக்கச் சொன்னாள்.

இருபது வருடம் பிரசங்கம் செய்தும் என்னிடம் இல்லாதது அவளிடம் இருந்தது. அது படிப்பாக மட்டும் இருந்திருந்தால் நானும் படித்திருப்பேன். அவள் அதை உண்மையாகவே நம்பினாள். அதற்கு எங்கே போவது? மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு எனக்கு வயிறு எரிந்தது.

அதற்கு அடுத்த வருடம் அவள் பிரமாணத்தைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதி முடித்தாள். மலை ஜனங்களுக்கு வேதபாடத்தில் சொன்னதையெல்லாம் சேர்த்து எழுதியது. கையெழுத்துப் பிரதியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்தாள்.

“நீ படிச்சுத் திருத்திக் குடுடி. எனக்கு இங்கிலீஷ் வரும், மணலூர்பேட்டை தமிழ் வரும். புத்தகத் தமிழ் உனக்குத்தான் வரும்.”

“நான் திருத்தற அளவுக்கு இன்னா இருக்குது?”

“நெறய இருக்குது. உங்கப்பா வாத்தியாரு. எங்கப்பா வாத்தியாரா?” என்று சிரித்தாள்.

பத்து நாள் படித்தேன். பென்சிலால் திருத்தினேன். ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை, இழுக்கிற வாக்கியம் எல்லாம் சரிசெய்தேன். புத்தகம் மிக நன்றாக இருந்தது. நன்றாக இல்லாத இடத்தைத் தேடித் தேடிப் படித்தேன் என்பதால் எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் மலையில் யாரோ கேட்ட கேள்வி ஒன்று இருக்கும். அதிலிருந்து ஆரம்பித்துப் ஆதிகால இறையியலாளர்களான சபைப் பிதாக்களிடம் போய், மறுபடியும் சாமைக் கொல்லைக்கே வந்து நிற்பாள்.

நாலாம் அத்தியாயம் அந்த ஒரே தன்மையைப் பற்றியது. வேதபாடத்தில் ஒரு கிழவர் கேட்டுவிட்டு, தானே பதிலும் சொன்னாராம்: “அப்பனும் புள்ளயும் ஒத்த உசுருதான், அப்படித்தானேம்மா?” எங்கள் பக்கத்தில் ஒத்த என்றால் ஒற்றை, ஒன்று. அவளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. அத்தியாயத்தின் கடைசி வரியை அதை வைத்தே முடித்திருந்தாள்: குமாரன் பிதாவோடு ஒத்த தன்மை உடையவர், இதையே சபை அன்றும் இன்றும் அறிக்கை செய்கிறது.

பேச்சில் அது சரி. அச்சில் ஒத்த என்றால் போன்ற என்றுதான் அர்த்தம். எந்தக் கருத்தை எதிர்த்து அவள் பாதி ஆயுளைக் கழித்தாளோ, அதையே தன் கையால், தன் புத்தகத்தின் முக்கியமான வரியில் எழுதி வைத்திருந்தாள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பென்சில் கையில்தான் இருந்தது. ‘ஒரே’ என்று மேலே எழுத இரண்டு நொடி ஆகியிருக்கும்.

அதே வரியில் ‘அறிக்கை செய்கிறது’ என்பதை அடித்து ‘அறிக்கையிடுகிறது’ என்று மாற்றினேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மறந்துவிட்டதாகப் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அச்சுக்குப் போகும்வரை மூன்று வாரம் தினமும் ஞாபகம் இருந்தது. ஒருநாள் போனைக்கூட எடுத்தேன். அவள் எடுத்ததும், “மழை பெய்யுதா அங்க?” என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

வெளியீட்டு விழா என் சபை மண்டபத்திலேயே நடந்தது. நான்தான் தலைமை. ஓய்வுபெற்றிருந்த எங்கள் பழைய பேராசிரியரைப் பேச அழைத்ததும் நான்தான். மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் முதலில் மனதாரப் பாராட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை விரித்தார்.

“ஒரு நல்ல செய்தி. இத்தனை வருடம் என்னோடு சண்டை போட்ட என் மாணவி கடைசியில் ஒத்துக்கொண்டிருக்கிறார். குமாரன் பிதாவோடு ஒத்த தன்மை உடையவராம். அந்தக் காலமாக இருந்தால் இவரையே நாடுகடத்தியிருப்பார்கள்.”

முன்வரிசையில் இருந்த ஆயர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. யாரோ வரியைப் படம் பிடித்தார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. புரியாமலே அவர்கள் முகம் இறுகியது.

அவள் புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஒலிவாங்கிக்கு வந்தாள்.

“அது என் தப்புங்க. ஒத்தன்னா எங்க ஊர்ல ஒண்ணு. எழுத்துல வேறன்னு எனக்குத் தோணாம போச்சு. தப்பு என் தமிழ்ல. விசுவாசத்துல இல்ல. தன்மை ஒண்ணேதான். இத எங்க வேணாலும் நின்னு சொல்வேன்.”

கைதட்டல் பின்னாலிருந்து வந்தது. நானும் தட்டினேன். நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் எதிர்பார்த்த திருப்தி வரவில்லை. அந்த நிலையிலும் அவள்தான் மேலே நின்றாள். பொறாமை அப்போதும் தீரவில்லை என்பதைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தப் பழைய கையெழுத்துப் பிரதி. நாலாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“இது உன் பென்சிலு.”

“ஆமா.”

“அறிக்கையிடுகிறதுன்னு மாத்தியிருக்க. அதே வரி. முன்னாடி இருக்கற வார்த்தைய நீ பாக்கலியா?”

சொல்ல எத்தனையோ பொய்கள் தயாராக இருந்தன. கண் சரியில்லை, அவசரம், வட்டார வேலை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேன்” என்றேன்.

“தெரிஞ்சிதா?”

“தெரிஞ்சிது.”

“ஏன்டி?”

“பொறாம.”

அந்தச் சொல்லை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிமலை மாற்றலுக்குச் சந்தோஷப்பட்டதையும், கரியாலூர் அடக்கத்தையும், மழையைப் பற்றிக் கேட்ட போனையும் சொன்னேன். அவள் நடுவில் ஒருமுறைதான் பேசினாள்.

“என்மேல பொறாமயா? எதுக்குடி? உங்க வூட்டுக்கு வந்தப்பல்லாம் அந்த அலமாரிய பாத்துக்கினே நின்னிருக்கேன்டி நானு.”

பிறகு எழுந்தாள். நான், “என்னை மன்னிச்சிடு” என்றேன்.

“இன்னிக்கி முடியாது. பாவமன்னிப்ப விசுவாசிக்கிறேன்னு வாரா வாரம் சொல்றேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னும் அந்த வரிக்கு நான் வரல.”

வாசலில் செருப்பை மாட்டியபடி, “நம்ம காலேஜ் வாத்தியாருக்கு நீயே எழுது” என்றாள்.

பேராசிரியருக்கு எழுதினேன். பேராயருக்கும் எழுதினேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு முன்னால், பீடத்துப் படியில் நின்று என் சபைக்கும் சொன்னேன். வெள்ளிமலை ஆயரின் புத்தகத்தில் இருந்த பிழை எனக்குத் தெரியும், வேண்டுமென்றே விட்டேன் என்றேன். வெளியே வரும்போது சிலர் என் கையைப் பிடித்தார்கள், சிலர் பக்கவாட்டு வாசல் வழியாகப் போனார்கள். வட்டாரத் தலைமை இரண்டு மாதத்தில் வேறொருவருக்குப் போனது. நியாயம்தான்.

அச்சான புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் மண்டபத்தில் கிடந்தன. ‘ஒரே’ என்று சின்னத் துண்டுத்தாள்கள் அடித்து, அந்த வரியின் மேல் ஒட்டுவது என்று முடிவானது. ஒரு சனிக்கிழமை மலையிலிருந்து பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து ஒட்டினேன். அவளும் இருந்தாள், மேசையின் அந்தக் கோடியில். பசைக் கிண்ணத்தை மட்டும் ஒருமுறை என் பக்கம் தள்ளினாள்.

மூன்று மாதம் அவள் நான் நடத்தும் திருவிருந்தில் கலந்துகொள்ளவில்லை. என் சபையில் நடக்கும் வட்டார ஆராதனைக்கு வருவாள், பாடுவாள், அப்பம் கொடுக்கும் நேரத்தில் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பாள். சகோதரியோடு மனத்தாங்கல் இருக்கும்போது பீடத்துக்கு வரக் கூடாது என்ற வசனத்தை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் சும்மா வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவள் இருக்கையைப் பார்த்துவிட்டுத்தான் அப்பத்தட்டைக் கீழே வைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு அவள் எழுந்து வந்தாள். வரிசையில் கடைசி ஆளாக வந்து முழங்கால் போட்டாள். இடது கையின் மேல் வலது கையை வைத்து நீட்டினாள். நான் அப்பத்தை வைத்தேன். அவள் “ஆமென்” என்றாள். பலமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில், “டீ குடிக்கலாமாடி?” என்று கேட்டாள். குடித்தோம்.

இந்த வருடம் கல்லூரி அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. கோட்பாட்டுத் துறைக்கு இப்போது அவள்தான் தலைவி. வெள்ளிமலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் மேலே போகிறேன். பிரமாணத்தை வரி வரியாகச் சொல்லித் தருகிறேன். சில வரிகளில் எனக்கே குரல் தயங்கும். அந்த இடங்களில் மெதுவாகச் சொல்கிறேன். ஜனங்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, “அம்மா எப்ப வருவாங்க?” என்று என்னிடமே கேட்கிறார்கள்.

“வருவாங்க” என்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கிறது.